அத்தியும் அஞ்சீரும்: ஒரு பழத்தின் வரலாறும் அதை உண்ணும் முறைகளும்



எங்கள் ஆரணிப் பகுதியில் உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. உருது வீட்டார் ஏரிக்கரையில் நிற்கும் மரத்தின் பழத்தைக் ‘கூலர்’ என்பர். கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கும் உலர்பழத்தை ‘அஞ்சீர்’ என்பர். அவை இரண்டும் வேறு வேறு என்பதில் அவர்களுக்கு ஐயம் எழுவதே இல்லை. தமிழ் வீட்டாருக்கோ இரண்டும் ‘அத்தி’. மதரஸாவில் 95ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துத் தீனை ஓதிக்கொடுக்கும்போது, “ஏரிக்கரை மரத்தின் மீதா உஸ்தாத் அல்லாஹ் சத்தியமிடுகிறான்?” என்று கேட்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளே. அந்தக் கேள்வி பிழையானதன்று. ஒரே சொல் இரண்டு மரங்களைச் சுமந்து நிற்பதால் வந்த கேள்வி அது.

ஏரிக்கரை மரம் நாட்டு அத்தி. அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்த்துச் சிவந்து பழுப்பது. அத்திப்பட்டு, அத்திப்பாக்கம் என்று வடதமிழகத்து ஊர்ப் பெயர்களில் இடம்பெற்றிருப்பது இந்த மரமே. பிட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சி என்று பழமொழி பழிப்பதும் இதன் பழத்தையே. ‘அத்தி பூத்தாற்போல்’ என்று நாம் சொல்வதற்கு இணையாக, அரிதாகக் காணக் கிடைப்பவரை உருதுக்காரர்கள் ‘கூலரின் பூ’ என்பார்கள். இரண்டு மொழியினரும் ஒரே மரத்தை அண்ணாந்து பார்த்து ஒரே வியப்பைச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அத்தி பூக்காமல் இருப்பதில்லை. நாம் காய் என்று கருதும் அந்தக் குடத்தின் உட்சுவர் முழுதும் பூக்களே.

குர்ஆன் கூறும் ‘தீன்’ இதன் இனத்தைச் சேர்ந்ததேயாயினும் வேறு மரம். அகன்று பிளவுபட்ட இலையும், இலைக்காம்பின் அருகே தனித்தனியாகக் காய்க்கும் பழமும் உடையது. ஷாம் தேசத்திலும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் செழிப்பது. தமிழில் இதற்குச் சீமை அத்தி என்றும் தேனத்தி என்றும் பெயர் வழங்கினாலும், பேச்சில் அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தோருக்கும் இதே நெருக்கடி வந்திருக்கிறது. அவர்கள் இந்த மரத்தை அத்தி என்றும், அதன் உறவான மற்றொரு மரத்தைக் காட்டத்தி என்றும் பிரித்து எழுதினர். நம் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் ‘அத்தி’ என்ற ஒரு சொல்லே நின்றுவிட்டது.

இறைவன் சத்தியமிட்ட இந்தச் சொல்லின் பொருள் குறித்து ஆரம்பகால விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீன் என்பது திமிஷ்கையோ அங்குள்ள மலையையோ குறிக்கும் என்றனர் சிலர். ஜைத்தூன் என்பது பைத்துல் முகத்தஸைக் குறிக்கும் என்றும் கூறப்பட்டது. ஹஸன் அல்பஸரீ, முஜாஹித், இக்ரிமா (ரஹ்) போன்றோர், மக்கள் உண்ணும் அத்தியும் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஜைத்தூனுமே அவை என்று நேர்ப்பொருள் கொண்டனர். இமாம் தபரீ (ரஹ்) இதையே ஏற்றார். அரபுகள் தீன் என்ற சொல்லைக் கேட்டதும் அறிந்துகொண்டது அந்தப் பழத்தைத்தான் என்பது அவருடைய வாதம். எனக்கும் அதுவே மனநிறைவைத் தருகிறது. மகத்தான ஒரு சத்தியத்திற்குச் சாட்சியாகக் கையில் எடுத்து உண்ணக்கூடிய ஒரு பழம் நிற்பதில் குறையொன்றும் இல்லை.

இங்கே ஒரு செய்தியை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது அவசியம். அத்தியைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு ஹதீஸ் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுவனத்திலிருந்து இறங்கிய கனி எதுவென்று கேட்டால் அத்தி என்பேன் என்றும், அது மூல நோயை அறுக்கும், கீல்வாதத்திற்கு நல்லது என்றும் அதில் வருகிறது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதை அபூதர்தா (ரலி) அவர்களின் பெயரால் சொல்லப்படுவதாக எடுத்தெழுதிவிட்டு, இது உறுதியானதா என்பதில் ஐயம் தெரிவிக்கிறார். அதே இடத்தில் அவர் சொல்லும் காரணம் வரலாற்று மாணவனுக்கு விருந்து. ஹிஜாஸிலும் மதீனாவிலும் அத்தி விளையவில்லை. பேரீச்சையின் மண் வேறு, அத்தியின் மண் வேறு. ஆகவேதான் சுன்னாவில் அத்தியைப் பற்றிய பேச்சு இல்லை என்கிறார். இப்படிச் சொன்னவர் அத்தி மலிந்த திமிஷ்க் நகரத்தில் வாழ்ந்தவர். தம் ஊர்ப் பழத்திற்குப் பெருமை சேர்க்க எண்ணியிருந்தால் அந்த ஹதீஸை அப்படியே விட்டுவைத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

மற்றொரு செய்தியும் உலவுகிறது. குர்ஆனில் அத்தி ஒரு முறையும் ஜைத்தூன் ஏழு முறையும் வருகின்றன. ஜப்பானிய அறிஞர்கள் ஓர் அத்திக்கு ஏழு ஜைத்தூன் என்ற விகிதத்தில் முதுமையைத் தடுக்கும் மருந்தைக் கண்டு இஸ்லாத்தை ஏற்றனர் என்பது அதன் சாரம். ஜைத்தூன் என்ற சொல் பெயர் சொல்லி வருவது ஆறு இடங்களில். ஏழாவதாக எண்ணப்படுவது 23ஆவது அத்தியாயத்தில் தூர்ஸீனா மலையிலிருந்து வெளிப்படும் மரம் என்று பெயர் சொல்லாமல் குறிக்கப்படுவது. எண்ணிக்கையிலேயே இத்தனை நெகிழ்வு இருக்கும்போது அதன்மேல் எழுப்பிய கதைக்கு என்ன உறுதி? பெயரும் ஆய்வகமும் சொல்லாத ஜப்பானியர்கள் நம் ஈமானுக்குச் சான்று தர வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவனுக்கு வந்துள்ள எச்சரிக்கையை நாமெல்லாம் சிறு வயதிலேயே பாடம் செய்தவர்கள். ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தும் விரலுக்கும் அந்த எச்சரிக்கை உண்டு.

இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. ‘நபிமருத்துவம்’ என்று நம்பிச் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் உலர் அத்தியை நாள்தோறும் ஊறவைத்து உண்கின்றனர். 100 கிராம் புதிய அத்திப்பழத்தில் சுமார் 16 கிராம் சர்க்கரை உண்டு. நீர் வற்றிய உலர் அத்தியில் அதே எடைக்கு ஏறத்தாழ 48 கிராம். அத்தாவுக்கும் நன்னாவுக்கும் எத்தனை பழம் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பதே அமானிதம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஃபலஸ்தீனத்தின் அரீஹா நகருக்கு வடக்கே, ஜோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள கில்கால் என்ற இடத்தில் எரிந்துபோன பழங்கால வீடொன்றில் கருகிய சிறு அத்திப்பழங்கள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 11,400 ஆண்டுகள். அவை குளவியின் துணையின்றித் தாமே பழுக்கும் வகை. அந்த வகையில் முளைக்கும் விதை உண்டாகாது. மனிதன் கிளையை ஒடித்து நட்டால்தான் மரம் பெருகும். ஆகவே மனிதன் முதன்முதலில் பயிரிட்டவற்றுள் அத்தியும் ஒன்றாகலாம், கோதுமைக்கும் முன்பே அது நடப்பட்டிருக்கலாம் என்று 2006இல் ஆய்வாளர்கள் வாதிட்டனர். நபிமார்கள் நடமாடிய மண்ணில் அந்த மரம் அத்தனை பழமையானது.

முஸ்லிம்களின் ஆட்சிக் காலத்தில் ஸ்பெயினின் மாலகா அத்திக்குப் பேர்போன துறைமுகமாக இருந்தது. அங்கே சென்ற இப்னு பதூதா, அந்நகரின் அத்தியும் பாதாமும் கிழக்கு நாடுகளுக்கும் மேற்கு நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதைப் பதிவு செய்கிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அவர் நம் தமிழகத்து மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தார். இங்கிருந்து ஸ்பெயின் வரை கண்டவர் பாராட்டிய பழம் என்பதால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு கூடுகிறது.

இந்தியாவில் இந்தப் பழம் ‘அஞ்சீர்’ என்ற பாரசீகப் பெயரோடு வழங்கியது. அக்பர் காலத்துப் பழங்களைப் பட்டியலிடும் அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரி’யில் அஞ்சீரும் இருக்கிறது. பிற்காலத் தோட்டக்கலை நூல்கள் குறிப்பிடும் வகைகளின் பெயர்களைப் பாருங்கள்: புனே, தௌலதாபாத், கஞ்சாம், கோயம்புத்தூர். இவற்றுள் கஞ்சாம் என்பது ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய ஊர். ஸீராவிலிருந்து குடும்பங்களை வரவழைத்துத் திப்பு சுல்தான் உருவாக்கிய குடியிருப்பு அது. ஹைதர் அலி 1760இல் பெங்களூரில் தொடங்கிய லால்பாக் தோட்டத்தை விரிவாக்கியவரும் திப்புவே. வெளிநாட்டுச் செடிகளின்மேல் அவருக்கிருந்த நாட்டத்தை அவருடைய கடிதங்களில் காணலாம்.

அக்கடிதங்களில் ஆரணிக்காரர்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. 1780களில் அவர் மஸ்கத்திலிருந்த தம் அலுவலருக்குப் பட்டுப்புழுவும் அதை வளர்க்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்று எழுதினார். வங்காளத்திற்கும் ஆளனுப்பிப் புழுக்களைத் தருவித்தார். புழு வளர்க்க முசுக்கொட்டை பயிராயிற்று. மைசூர்ச் சீமையின் பட்டுத் தொழில் அப்படித் தொடங்கியது. இன்று ஆரணித் தறிகளில் பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டு நூலின் பெரும்பகுதி அந்தக் கருநாடக மண்ணிலிருந்தே வருகிறது. 1782 ஜூன் 2 அன்று இதே ஆரணியருகே ஹைதர் அலியின் படை சர் ஐர் கூட்டின் கும்பினிப் படையோடு மோதியது. தந்தையின் காலத்தில் பீரங்கி வந்த வழியாக, மகன் ஊன்றிய தொழிலின் நூல் பின்னாளில் வந்து சேர்ந்தது.

முசுக்கொட்டையை ஏன் இங்கே இழுக்கிறேன் என்று கேட்கலாம். தாவரவியலில் முசுக்கொட்டையும் அத்தியும் ஒரே குடும்பம். இரண்டின் கிளையையும் ஒடித்தால் பால் வடியும். படைத்தவன் இருப்பதற்குச் சான்று கேட்டவருக்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) முசுக்கொட்டை இலையைக் காட்டியதாக இப்னு கஸீர் (ரஹ்) தம் விரிவுரையில் எடுத்துரைக்கிறார். இலையின் சுவை ஒன்றுதான்; புழு தின்றால் பட்டாகிறது, தேனீ உண்டால் தேனாகிறது, ஆடு மேய்ந்தால் சாணமாகிறது, மான் தின்றால் கஸ்தூரியாகிறது என்பது அந்த விளக்கம். பட்டு நெய்யும் ஊரில் இந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் தேட வேண்டியிருப்பதில்லை.

இன்று நம் சந்தைக்கு வரும் புதிய அத்திப்பழம் பெரும்பாலும் புனே வகையைச் சேர்ந்தது. புனே மாவட்டத்துப் புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிப்ரவரி, மார்ச் தொடங்கிக் கோடை வரை வரும் பழமே இனிப்பு மிகுந்தது. மழைக்காலத்துப் பழத்தில் நீர்த்தன்மை அதிகம். இந்த ஆண்டுகளில் ரமளானும் அதே பருவத்தில் வந்து அமைந்திருப்பதால் இஃப்தார் விரிப்பில் அத்தி இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. தாராளமாக வைக்கலாம். நோன்பு திறப்பதில் சுன்னத்து பேரீச்சம்பழமும் அது இல்லாதபோது தண்ணீரும்தான். அத்தி அதன்பின் வரட்டும்.

“உள்ளே பூச்சி இருக்குமே, ஹலாலா?” என்று பெண்கள் மிகுதியாகக் கேட்கின்றனர். அத்தியின் உட்பூக்களில் மகரந்தம் சேர்ப்பது நுண்ணிய குளவியொன்று. துருக்கியின் இஸ்மீர் பகுதி அத்திக்கு அது இன்றியமையாதது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இஸ்மீர் மரங்களை நட்டுவிட்டுக் காய் பிடிக்காமல் தவித்தவர்கள், 1899இல் குளவியையும் கொண்டுவந்து விட்ட பிறகே பழத்தைக் கண்டனர். புனே வகைக்குக் குளவி வேண்டியதே இல்லை. அது தானே பழுக்கும். எனவே அந்தப் பழத்தில் குளவி குறித்த கேள்வியே எழாது. நாட்டு அத்தி அப்படியன்று. அதன் குளவிகள் காய்க்குள்ளேயே பிறந்து வளர்பவை. பழத்தில் தோன்றிய புழுவைப் பழத்தோடு சேர்த்து உண்ணலாம், தனியே எடுத்து உண்ணலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து; இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில் இதைக் கூறுகிறார். ஹனஃபி மத்ஹபில் புழுபூச்சிகளை உண்பது கூடாது. ஆயினும் ஓடும் இரத்தமில்லாத பூச்சியால் உணவு அசுத்தமாகிவிடுவதில்லை. ஆகவே பிட்டு, தட்டி, கழுவிவிட்டு உண்ணலாம். நம் பகுதியில் ஹனஃபிகள் மிகுதி என்பதால், நாட்டு அத்திப்பழத்தை முழுதாக வாயில் போடாமல் பிளந்து பார்ப்பதே முறை.

உண்ணும் முறைகளில் முதன்மையானது ஒன்றும் செய்யாமல் உண்பது. பழம் மெத்தென்றிருக்க வேண்டும். காம்பருகே சற்றுச் சுருங்கி, அடியில் ஒரு துளி தேன்போல் கசிந்திருந்தால் அது முற்றும் பழுத்தது. பறித்த காய் வாழைபோல் வீட்டில் இனிப்பேறாது. கல்போன்றதை மலிவென்று வாங்கி வராதீர்கள். உண்ணும் நேரத்தில் கழுவிக் காம்பைக் கிள்ளிவிட்டு, தோலோடு நான்காகப் பிளக்கலாம். காம்பில் பால் வடிந்தால் துடைத்துவிடுங்கள். சிலருக்கு உதடு அரிக்கும். இப்னுல் கய்யிம் (ரஹ்) வெண்ணிறத் தோலுடன் நன்கு கனிந்ததைச் சிறந்தது என்கிறார். வெறும் வயிற்றில் பாதாம், அக்ரோட் பருப்புகளோடு உண்பதைப் பாராட்டுகிறார். அது அக்கால மருத்துவ அறிவு. ஹதீஸ் என்று சொல்லிவிடக் கூடாது. சுவைக்கு மட்டுமே என்றாலும் அந்தச் சேர்க்கை அருமையானது. பிளந்த பழத்தின் நடுவில் ஒரு அக்ரோட் துண்டை அழுத்தி வைத்துப் பாருங்கள்.

பாலோடு சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அத்தியின் பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. நம் மரப்பிசினுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அது பாலைத் திரித்துவிடும். பழங்கால கிரேக்கர்கள் அத்திப்பாலை விட்டுத்தான் பாலை உறையவைத்துப் பாலாடைக் கட்டி செய்தனர். பிரியாணி இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக்காய் செய்யும் வேலையை இதுவும் செய்யும். சூடேறினால் அதன் வீரியம் அடங்கிவிடும். ஆகவே அத்திப் பால் செய்ய விரும்புவோர், ஆறு பழங்களை நறுக்கி இரண்டு மேசைக்கரண்டி நீரில் குழைய வேகவைத்து ஆறவிட்டு, பின்னரே அரை லிட்டர் காய்ச்சி ஆறிய பாலில் கலந்து அடிக்க வேண்டும். ஏலக்காய் போதும், சர்க்கரை வேண்டாம்.

மிகவும் கனிந்து உடையும் பழங்கள் ஹல்வாவுக்கு ஏற்றவை. அரைக் கிலோ பழத்தை மசித்து, அடிகனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் இட்டுச் சிறுதீயில் கிளறுங்கள். நீர் வற்றிச் சுருளும்போது 75 கிராம் சர்க்கரையும், ஊறவைத்துத் தோலுரித்து அரைத்த ஒரு கைப்பிடி பாதாமும் சேர்த்து, மேலும் ஒரு கரண்டி நெய் விட்டு, சட்டியில் ஒட்டாமல் வரும்வரை கிளற வேண்டும். விதைகள் பல்லில் நறநறக்கும். அதுவே இதன் அழகு. பெருநாளுக்கு முந்தின இரவு செய்து வைத்தால் காலையில் இறுகியிருக்கும்.

நாட்டு அத்தியையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் பெருமை காயில் இருக்கிறது. இளங்காய்களை இரண்டாக வெட்டி, உள்ளே பூச்சியில்லாததைப் பார்த்து, மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது, துவர்ப்பும் குறையும். பின் உப்பிட்டு வேகவைத்து நீரை வடித்து, பாசிப்பருப்போடு கூட்டாகவோ, வெங்காயமும் மிளகுத்தூளும் சேர்த்துப் பொரியலாகவோ செய்யலாம். கைமாவோடு வதக்கினாலும் நன்றாக அமையும்.

வாங்கிய புதிய அத்தியைக் கழுவாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், தட்டில் துணி விரித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் புளிப்பு வாடை வந்தால், நுரைத்துப் பொங்கத் தொடங்கிய பழத்தை ஹல்வாவிலும் சேர்க்காமல் எறிந்துவிடுங்கள்.